தக்காளியக்காவின் ரெண்டாவது சரணம்

என்ற அக்கா லோகப்பிரியாவைத் தெரியுமான்னு கோயமுத்தூர்ல கேட்டுப்பாருங்க, ஒருத்தருக்கும் தெரியாது. தக்காளியக்காவைத் தெரியுமான்னு கேளுங்க, போற வண்டிய நிறுத்திப்போட்டு வந்து பேசுவாங்க. செவப்புக் கவுனு, தலையில பச்சைக் காம்பு வெச்ச தொப்பி, ரெண்டு கன்னத்துலயும் வட்டமா ரோஸ் பவுடரு. நாப்பத்தோரு வயசுப் பொம்பளைங்க. அவ பக்கத்துல தும்பிக்கைய ஆட்டிக்கிட்டு ஒரு யானை நிக்குமே, அது நானு. பேரு பிரவீனா, பி.இ. சிவில். சிரிக்காதீங்க.

இப்ப ஆளாளுக்கு அவளைப் பத்தி எழுதறாங்க. குழந்தைகளின் குயிலுங்கறாங்க, கொங்கு மண்ணின் செல்லமுங்கறாங்க. எழுதறவங்க யாரும் அவகூட ஒரே ஊட்டுல வளரலை. நான் வளந்தேன். அதனால நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.

எங்களுக்குத் தொண்டாமுத்தூர். அப்பன் செங்கோடன், தென்னையும் தக்காளியும் போடறவரு. அம்மா சுப்பாத்தாள். காலையில எட்டு மணி பஸ்ஸைப் புடிக்கறதுன்னா எங்க ஊட்டுல ரகளைதான். எனக்கு ரெட்டைச் சடை. ரெண்டையும் பின்ன அம்மாவுக்கு நேரம் பத்தாது. அதனால வலது பக்கம் அம்மா, எடது பக்கம் அக்கா. அம்மா பின்னுனது மத்தியானத்துக்குள்ள அவுந்து தொங்கும். அக்கா பின்னுனது மண்டைத் தோலோட சேத்து இழுத்துப் புடிச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் அசையாது. பின்னும்போதே பாடுவா, தாளத்துக்கு என்ற மசுரைத்தான் இழுப்பா. "வலிக்குதுக்கா"ன்னு கத்துனா அதையும் பாட்டுல சேத்துக்குவா. எங்க அக்காவோட மொதல் பாட்டு அதுதான்: வலிக்குதுக்கா.

பத்தாவதுல நானு நல்ல மார்க்கு வாங்கித் தொலைச்சேன். எங்க பக்கம் புள்ளை நல்லாப் படிச்சா அதுக்கு ஒரு தண்டனை உண்டுங்க. நாமக்கல் பக்கம் கொண்டுபோயி ஒரு ஹாஸ்டல்ல தள்ளிப்போடுவாங்க. நாலரை மணிக்கு எழுப்பறது, ஞாயித்துக்கிழமையும் பரிச்சை, மாசத்துல ஒரு நாளு அம்மா அப்பன் வந்து முறுக்குக் குடுத்துட்டுப் போறது. சடை பின்ன நேரம் வீணாகுதுன்னு மொத நாளே முடியக் கழுத்தோட வெட்டிவிட்டுட்டாங்க. ரெண்டு வருசம் உள்ள கெடந்தேன். வெளிய வந்து பாத்தா எங்கக்கா பாப் பாடகி ஆயிருந்தா.

அவ படிச்ச இன்ஜினியரிங் காலேஜுல ரெண்டு பசங்க கூடச் சேந்தாங்க. ஒருத்தன் போத்தனூர் யூனுஸு, கீபோர்டு. தங்கமான மனுசன், இன்னைக்கு வரைக்கும் அவகூடவேதான் இருக்கறான். இன்னொருத்தன் பீளமேட்டு உதய், கிதாரு. மில்லுக்கு உதிரிச் சாமான் விக்கற நாயக்கர் ஊட்டுப் பையன். ஒத்திகை யூனுஸ் ஊட்டு மொட்டை மாடியில. தண்டவாளம் பக்கத்துலயே ஓடுது. சரக்கு வண்டி வந்தா அம்பது பெட்டியும் தாண்டற வரைக்கும் அக்காவும் யூனுஸும் கையக் கட்டிக்கிட்டு நிப்பாங்களாம். உதய் மட்டும் நிறுத்தவே மாட்டானாம். வண்டிச் சத்தத்துல அவன் வாசிக்கறது யாருக்கும் கேக்காது. அதனால நல்லா வாசிக்கறான்னு எல்லாரும் நம்பிக்கிட்டாங்க.

ரெண்டாயிரத்து ஏழுல ஆல்பம் போட்டாங்க. எட்டுப் பாட்டு. பாப் பாட்டுக்குப் பேரு சின்னதா இருக்கோணும்னு எவனோ சொன்னான்னு, லோகப்பிரியாங்கற பேரை வெட்டி 'லோ'ன்னு வெச்சுக்கிட்டா. அட்டையில அவ படம், மழையில நனைஞ்ச முடி. எங்க ஊட்டுத் தொட்டித் தண்ணியத்தான் நானு மொண்டு ஊத்துனேன். எட்டுல மொதப் பாட்டு இதுங்க:

பஸ்ஸு வருது பஸ்ஸு போகுது
பாதி ஊரு எறங்கிப் போகுது
நீ மட்டும் வரலியே
நீ மட்டும் வரலியே

மெட்டை நானு குறை சொல்ல மாட்டேன். ஒரு தடவை கேட்டா ஒரு வாரத்துக்கு நாக்குல ஒட்டிக்கும். ஆனா மொதல் சரணம் முடிஞ்சதும் உதயோட கிதாரு வரும். ரெண்டே கால் நிமிசம். அட சாமி! அதைத் தாண்டி ரெண்டாவது சரணம் வரைக்கும் போன ஆளே கெடையாதுங்க. ரேடியோவுல ஒரே ஒரு நாள் போட்டாங்க, அந்த எடத்துல பாட்டை நிறுத்தி நகைக்கடை விளம்பரத்தைப் போட்டுட்டாங்க. எங்கம்மா அந்த எடம் வந்தா மிக்சியப் போட்டுரும். நானு ஃபார்வர்டு தட்டி அடுத்த பாட்டுக்குப் போயிருவேன்.

கல்யாண வயசுல இருக்கற புள்ளை 'நீ மட்டும் வரலியே'ன்னு பாடுனா ஊரு என்ன நெனைக்கும்? உதய்தான்னு முடிவு கட்டிருச்சு. உதயே முடிவு கட்டிக்கிட்டான். இப்ப கனடாவுல பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்களோட இருக்கறான். வருசம் தவறாம "என்னைப் பற்றியும் ஒரு பாடல் உண்டு"ன்னு ஃபேஸ்புக்குல பெருமூச்சு விடுவான். தெனமும் அவகூட உக்காந்து டீ குடிச்சவனைப் பாத்து 'நீ மட்டும் வரலியே'ன்னு எதுக்குங்க பாடப்போறா? அது அவனுக்கும் தோணலை, எங்களுக்கும் தோணலை.

எங்கப்பனுக்குக் கோபம் வந்தா பேச மாட்டாரு, வேலை செய்வாரு. வேற சாதிப் பையனை நெனச்சு மக பாடிப்போட்டான்னு காதுல விழுந்த மறுநாளு, தேங்காய்க் கொட்டகையில விக்காம அடுக்கியிருந்த ஆல்பம் சிடிப் பெட்டிகளைப் பிரிச்சாரு. ஒவ்வொண்ணாக் கயித்துல கோத்தாரு. தக்காளிக் காட்டுல மயிலு தொல்லைங்க, பழத்தைக் கொத்திக் கொத்திப் போட்டுரும். வரப்புக்கு வரப்பு கயிறு இழுத்து எங்கக்கா ஆல்பத்தைத் தொங்கவிட்டாரு. வெயில்ல பளபளன்னு மின்னுச்சு. மயிலு அக்கட்டால போயிருச்சு. "எங்கக்கா பாட்டைக் கேட்டு ஓடி வந்தவங்க யாருமில்லை, ஓடிப்போனது மயிலு மட்டுந்தான்"னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். அவ காதுபடவே சொன்னேன். அவளும் சிரிச்சா.

அப்பறம் மெட்ராஸு. மூணு வருசம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு கம்பெனி கம்பெனியா ஏறி எறங்குனா. ஒரு ஆபீஸ்ல நம்மூர்க்காரரு ஒருத்தரு பெரிய சீட்டுல இருந்தாராம். பாட்டைக் கேட்டுட்டு, "அருமைங்க அம்மணி, பாத்துக்கலாமுங்க"ன்னாராம். இந்த மடச்சி அதை நம்பி எட்டு மாசம் காத்திருந்தா. நம்ம பக்கத்துல இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா யாராச்சும் சொல்லுவாங்களா? பொண்ணு கேட்டு வந்தா பாத்துக்கலாமுங்க. நெலம் கேட்டு வந்தா பாத்துக்கலாமுங்க. தொண்டாமுத்தூர்ல பொறந்தவளுக்கு அது தெரிய வேண்டாமுங்களா? தெரிஞ்சுதான் இருந்திருக்கும். ஆசை அப்படி.

திரும்பி வந்தவளுக்கு மாப்பிள்ளை பாத்தாங்க. வந்தவங்க எல்லாரும் "பாடறதை மட்டும் விட்டுப்போட்டா சரிங்க"ன்னாங்க. "அப்ப நீங்க வேற ஊடு பாத்துக்கங்க"ன்னு காப்பி டம்ளரைத் திருப்பி வாங்கிக்கிட்டா. அதோட அந்தப் பேச்சு நின்னுபோச்சு. எனக்குக் கல்யாணம் ஆயி வடவள்ளிக்கு வந்துட்டேன். அவ அதே ஊட்டுல, அதே ரூமுல.

அப்பத்தான் திருமலைசாமி சார் வந்து சேந்தாரு. பம்ப்செட்டுக் கம்பெனி முதலாளி. பம்பு ஓடற மாதிரி டிவியும் ஓடும்னு நெனச்சுக்கிட்டு, ஆர்.எஸ்.புரத்துல ஒரு பட்டுச் சேலைக் கடைக்கு மேல மாடியில லோக்கல் கேபிளுக்கு ஒரு சேனல் ஆரம்பிச்சாரு. பேரு திருமலை டிவி. கொழந்தைங்க நிகழ்ச்சிக்குப் பாடறதுக்கு ஆளு வேணும்னு யூனுஸ்கிட்டக் கேட்டிருக்காரு. யூனுஸு அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போனான். எங்க காட்டுத் தக்காளி ஒரு கூடை கொண்டுபோயிக் குடுத்தா மரியாதையா இருக்கும்னு அம்மா குடுத்துவிட்டுச்சு. சார் கூடையப் பாத்தாரு, அக்காவைப் பாத்தாரு. "தக்காளியக்கா!"ன்னாரு. அவ்வளவுதானுங்க, ஒரு மனுசியோட வாழ்க்கை முடிவாயிருச்சு.

"வாங்க கண்ணு வாங்க"ன்னு நிகழ்ச்சிக்குப் பேரு. அதுல உயிரே பொறந்தநாள் வாழ்த்துதான். கொழந்தை போட்டோவ அனுப்பிவெப்பாங்க, அக்கா பேரு சொல்லிப் பாடோணும். கொழந்தை பேரு மட்டும் சொன்னா நம்மாளுங்க உடுவாங்களா? அப்பா அம்மா பேரு, அப்பா பக்கத்து அப்பாரு ஆத்தா பேரு, அம்மா பக்கத்து அப்பிச்சி அம்மாயி பேரு, எல்லாம் வரோணும். கடைசியில தாய்மாமன் பேரு. ஆரம்பத்துல ஒரு வாரம் நேரம் பத்தலைன்னு ஒரு மாமன் பேரை அக்கா உட்டுப்போட்டா. அந்த மாமன் தங்கச்சி மக காதுகுத்துக்குச் சீரு கொண்டுவர மாட்டேன்னுட்டாரு. "டிவியில இல்லாத மாமனுக்கு மடி மட்டும் எதுக்குங்க? டிவிக்காரங்க மடியிலயே வெச்சுக் குத்திக்கங்க"ன்னு சொல்லிப்போட்டாராம். ஒரு வேன் நெறைய ஒறம்பரைச் சனம் சேனல் மாடிப்படியில வந்து உக்காந்துட்டாங்க. அடுத்த வாரம் அந்த மாமன் பேரை மூணு தடவை பாடுன பொறகுதான் அந்தப் புள்ளைக்குக் காது குத்துனாங்க.

எத்தனை பேரு வந்தாலும் உள்ள அடங்கற மெட்டு ஒண்ணு வேணும்னாரு சாரு. அன்னைக்கே ரெக்கார்டிங். புது மெட்டுப் போட நேரமில்லை. அவகிட்டக் கைவசம் நல்ல மெட்டு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதைத் தூக்கிக் குடுத்துட்டா.

கேக்கு வருது மெழுகு எரியுது
பாதி ஊரு வாழ்த்துச் சொல்லுது
மாமனும் வந்துட்டாரே
மாமனும் வந்துட்டாரே

"ஏக்கா, உன்ற ஆல்பத்துப் பாட்டாச்சே"ன்னேன். "யாரு கேட்டிருக்கா, கண்டுபுடிக்க?"ன்னா. அப்ப எனக்கு அது சிரிப்பா இருந்துச்சு.

நானு எப்படி யானை ஆனேன்னு கேக்கறீங்களா? மொதல்ல நாடகக்காரர் ஒருத்தரு யானை வேசம் போட்டாரு. ஒரே நாள்ல வேர்த்து மயங்கி உழுந்து, கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாரு. நானு வேலை இல்லாம ஊட்ல இருந்தேன். அக்கா கூப்புட்டா. ஹாஸ்டல்ல ரெண்டு வருசம் இருந்தவளுக்கு யானைத் தோலுக்குள்ள மூணு மணி நேரம் இருக்கறது ஒரு விசயமே இல்லைங்க. ஆனா கொழந்தைங்க நிகழ்ச்சிக்கு யானைய வெச்சது எவ்வளவு பெரிய தப்புன்னு ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. நம்ம பக்கம் யானைன்னா யாருங்க செல்லம் கொஞ்சுவாங்க? ஆலாந்துறைப் பக்கமிருந்து ஒரு பெரியவரு போன் போட்டாரு. "ஏனுங்க, நேத்து என்ற வாழைய முன்னூறு மரம் முறிச்சுப்போட்டுப் போயிருக்குது. நீங்க டிவியில அதுக்குக் கரும்பு ஊட்டறீங்க?" அன்னைக்கு மட்டும் அப்படி நாப்பது போனு.

சாரு ஒரு வழி கண்டுபுடிச்சாரு. ஒவ்வொரு நிகழ்ச்சி முடியறப்பவும் யானை மன்னிப்புக் கேக்கோணும். நானு மண்டி போட்டு, "தெரியாமத் தோட்டத்துக்குள்ள வந்துட்டேனுங்க, மன்னிச்சுக்கங்க"ன்னு சொல்லோணும். அக்கா, "போனாப் போகுது, இந்தா சாமி கரும்பு"ன்னு குடுக்கோணும். போன் நின்னுபோச்சு. ஆலாந்துறைப் பக்கத்துப் பெரியவங்கெல்லாம் அந்தக் கடைசி ஒரு நிமிசத்துக்காகவே டிவி பாக்க ஆரம்பிச்சாங்க. பதிமூணு வருசமா, வாரம் அஞ்சு நாளு, நிஜ யானைங்க பண்ணுனதுக்கெல்லாம் நானு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கறேன்.

இப்படியே போயிருந்தா ஒண்ணுமில்லை. போன வருசம் யூனுஸு பழைய பாட்டை எடுத்து யூட்யூப்புல போட்டுவிட்டான், 'லோ'ங்கற பேருல, நனைஞ்ச முடிப் படத்தோட. தொப்பி இல்லாம அவளை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியலைங்க. திட்டு வந்து குமிஞ்சுது. நம்மாளுங்க திட்டுனாலும் மரியாதை கொறையாது பாருங்க. "ஏனுங்க மேடம், கொழந்தைங்க பாட்டைத் திருடிக் காதல் பாட்டாக்கறது நல்லா இருக்குதுங்களா?" "எங்க தக்காளியக்கா பாட்டுங்க இது. வெக்கமா இல்லீங்களா?" "பாதியில அந்தக் கிதாரு வாசிக்கறவரை நிறுத்தச் சொல்லுங்க." கடைசி ஆளு மட்டும் நியாயமாப் பேசியிருந்தாரு.

நானு ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டி உழுந்து உழுந்து சிரிச்சேன். அவ சிரிக்கலை. என்ற கையிலிருந்து போனை வாங்கிக் கவுத்து வெச்சா. "எட்டுப் பாட்டு எழுதுனேன் பிரவீ. ஒண்ணே ஒண்ணையாச்சும் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும், நானு எழுதுன வார்த்தையோட, நாலு பேரு கேக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம்"னா. எங்கக்கா எங்கிட்ட அப்படி நெஞ்சத் தொறந்து பேசுனது அதுதான் மொதல் தடவை.

சேனலோட ஆண்டுவிழா வந்துச்சு, ஆர்.எஸ்.புரத்துல ஒரு கல்யாண மண்டபத்துல. அக்கா நேரா சார் ரூமுக்குப் போனா. "மொதப் பாட்டு என்ற பாட்டுங்க. தொப்பி இல்லாம, முழுப் பாட்டும் பாடறேன்." சாரு மூக்குக் கண்ணாடியத் தொடைச்சாரு. "முழுசாவுங்களா? பாத்துக்கலாமுங்க"ன்னாரு. "பாத்துக்கலாமெல்லாம் வேண்டாமுங்க சார். நானு பாடறேன், இல்லாட்டி அந்தக் காம்பை நீங்க தலையில வெச்சுக்கங்க." மெட்ராஸ்ல அன்னைக்கே இப்படிப் பேசியிருந்தா எங்கயோ போயிருப்பா. சாரு சரின்னுட்டாரு.

விழாவுக்கு முந்தின நாளு யூனுஸு பாட்டை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துக்கலாம்னான். அக்காவுக்கு ரோசம். "என்ற பாட்டுக்கு நானே பேப்பர் பாக்கறதா?" அப்பறம் எம்பக்கம் திரும்பி, "ரெண்டாவது சரணத்துல நாக்குப் பெரண்டாலும் பெரளும். நீ சைடுல நில்லு. மொத வார்த்தை மட்டும் எடுத்துக் குடு, போதும். உனக்குத் தெரியுமில்ல?"ன்னா.

"அதெல்லாம் தெரியுமுக்கா"ன்னேன்.

எனக்கு அதுல ஒரு எழுத்துத் தெரியாதுங்க. ஃபார்வர்டு தட்டித் தட்டியே பதினெட்டு வருசம் ஓட்டிப்போட்டேன். தெரியாதுன்னு சொல்ல வாய் வரலை. எங்கக்காதானே, அவ பாட்டு அவளுக்கு மறக்குமான்னு ஒரு மெத்தனம். அன்னைக்கே கொட்டகைக்குப் போயி ஒரு சிடிய எடுத்து அட்டையப் பாத்திருந்தா முடிஞ்சுபோச்சு. எனக்கு விழாவுக்குக் கட்டிக்கிட்டுப் போக ஜாக்கெட்டு தெச்சு வாங்கற அவசரம்.

மண்டபம் நெறஞ்சு வழிஞ்சுது. அஞ்சு வயசுப் பொடுசுலருந்து, பழைய கொழந்தைங்க இப்ப மீசை வெச்ச காலேஜுப் பசங்க வரைக்கும். எங்கப்பனும் அம்மாவும் மூணாவது வரிசையில. அக்கா கடுகு நெறச் சேலையில மேடைக்கு வந்தா. ஒருத்தரும் கை தட்டலை, யாரோ அறிவிப்புச் சொல்ல வந்த அம்மான்னு நெனச்சுக்கிட்டாங்க. யூனுஸு மெட்டைத் தொட்டான். "பஸ்ஸு வருது"ன்னு அவ வாய் தொறந்தா. எங்க ஊட்டுல மிக்சிச் சத்தத்துல கேட்ட குரல் இல்லைங்க அது.

மொத நாலு வரி வரைக்கும் அமைதி. அப்பறம் ஒரு பொடுசு "தக்காளியக்கா!"ன்னு கத்துச்சு. மண்டபமே எந்திரிச்சுருச்சு. அவ 'நீ மட்டும் வரலியே'ன்னு பாடறா, கூட்டம் 'மாமனும் வந்துட்டாரே'ன்னு பாடுது. அவ குரலை ஏத்துனா. அவங்களும் ஏத்துனாங்க. மொதல் சரணத்தைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சா. கிதாரு எடத்தை யூனுஸு ரெண்டு தட்டுல தாண்டி உட்டான். ரெண்டாவது சரணம். மைக்கை வாய்கிட்டக் கொண்டுபோனா. நின்னா. எம்பக்கம் திரும்பிப் பாத்தா.

நானு வாயத் தொறந்தேன். என்ற வாயில வந்தது என்ன தெரியுமுங்களா? "அப்பாரு பேரு, ஆத்தா பேரு"ன்னு வந்துச்சு.

அவ பாத்தா. கோபமாப் பாத்திருந்தா பரவால்லைங்க. ஓ, உனக்கும் தெரியாதான்னு ஒரே ஒரு நொடி பாத்தா. நெசமாவே அவளுக்கு மறந்துபோச்சா, இல்லை எனக்குத் தெரியுதான்னு பாத்தாளான்னு இன்னைக்கு வரைக்கும் கேக்கற தைரியம் எனக்கு வரலை. அப்பறம் கூட்டத்துப் பக்கம் திரும்புனா. பதிமூணு வருசமாச் சிரிக்கற அதே சிரிப்பு. "ஏனுங்க கண்ணுகளா, இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாளு?"

நாப்பது நிமிசம் பேரு பாடுனா. எத்தனையோ மாமனுங்க மேடை ஏறிக் கும்பிட்டாங்க. அந்த வீடியோவத்தான் நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. தக்காளியக்கா தொப்பி இல்லாம வந்து அசத்தல்னு. சாரு மேடையிலயே அவளுக்குப் பொன்னாடை போத்துனாரு. கனடாவிலிருந்து உதய், "என் பாடல், கண்ணீருடன்"னு எழுதியிருந்தான்.

மறுநாள் காலையில தொண்டாமுத்தூருக்குப் போனேன். காட்டுல தொங்குன சிடியெல்லாம் வெயில்ல வெளுத்து, ஒண்ணுலயும் ஒரு எழுத்தில்லை. கொட்டகையில தேங்காய் மட்டைக்கு அடியில ஒரு பெட்டி பிரிக்காமக் கெடந்துச்சு. ஒண்ணை எடுத்து அட்டைய உரிச்சேன். உள்ள சின்ன எழுத்துல எட்டுப் பாட்டும் இருந்துச்சு. மொதப் பாட்டு, ரெண்டாவது சரணம்:

ரெட்டைச் சடையில ஒண்ணு என்னுது
ரிப்பன் மட்டும் இங்க கெடக்குது
யாரு பின்னி விடுறாங்க
யாரு பின்னி விடுறாங்க

கீழ ஒரு வரி போட்டிருந்துச்சு. 'நாமக்கல் போன என் பிரவீக்கு.'

அந்தப் பஸ்ஸு நானு வராத பஸ்ஸுங்க. ரெண்டு வருசம் தெனமும் எட்டு மணிக்கு அவ தனியா ஏறுன பஸ்ஸு. கிதாரு வாசிச்சவன் கேக்கலை. பெத்தவங்க கேக்கலை. அதை மயிலு வெரட்டக் கட்டுனப்ப நின்னு கை தட்டிச் சிரிச்சவ நானு. அப்பனைக் கூப்புட்டுக் காட்டுனேன். அவரு எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. காட்டுக்குள்ள போயி ஒரு கயித்துலருந்து ஒவ்வொண்ணா அவுக்க ஆரம்பிச்சாரு. அத்தனையும் அவுக்க அன்னைக்குச் சாயங்காலம் ஆயிருச்சாம். அந்த வாரமே மயிலு பாதிக் காட்டைத் தின்னுருச்சு. அப்பன் அந்தக் கயித்தைத் திரும்பக் கட்டலை.

மத்தியானம் ரெக்கார்டிங். அக்கா கண்ணாடி முன்னால உக்காந்து கன்னத்துல ரோஸ் பவுடர் வெச்சுக்கிட்டு இருந்தா. நானு யானைத் தோலுக்குள்ள, தலை மட்டும் கையில.

"அக்கா."

"ம்."

"யாரும் பின்னி விடலைக்கா. வெட்டிப்போட்டாங்க."

கண்ணாடியிலயே என்னைப் பாத்தா. "படிச்சுட்டியா?"ன்னா. அப்பறம் அடுத்த கன்னத்துக்குப் போயிட்டா. "தலைய மாட்டு. லைட்டப் போட்டுட்டாங்க."

அன்னைக்குப் பதினோரு கொழந்தைங்க. பதினோரு மாமனுங்க. ஒரு பேரும் உடாமப் பாடுனா. கடைசி நிமிசம் வந்துச்சு. நானு மண்டி போட்டேன். அந்த வசனத்தை ஆயிரக்கணக்கான தடவை சொல்லியிருக்கறேன், அன்னைக்கு மாறி வந்துச்சு. "தெரியாமப் பண்ணிப்போட்டேனுங்க. மன்னிச்சுக்கங்க." தோட்டம்னு சொல்ல மறந்துபோச்சு. யானைத் தலைக்குள்ள அழுதா தொடைக்க முடியாதுங்க, கையி ரெண்டும் யானைக் கையி.

அக்கா கரும்பைக் கையில எடுத்தா. கேமராவப் பாக்கலை, யானையோட கண்ணு ஓட்டைக்குள்ள என்னைத் தேடிப் பாத்தா.

"பாத்துக்கலாமுங்க"ன்னா.

எல்லாரும் சிரிச்சாங்க. நானு கரும்பை வாங்கிக்கிட்டேன்.